தொட்டி மூடிமேல் உட்கார்ந்திருந்தவள்

போன மாதம் விருதுநகர்க் கல்யாண மண்டபத்தில், கை கழுவுகிற இடத்தில் நின்று சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதி நம் தெருப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். நேரில் பேசினால் பாதியில் எனக்கு அழுகை வந்துவிடும். நான் அழுதால் நீங்கள் நாற்காலி போட்டு உட்காரவைத்து காப்பி வாங்கிக் கொடுப்பீர்கள், சொல்லவந்தது அப்படியே நின்றுபோகும். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. கடைசிவரை படியுங்கள். பாதியில் பூ போட்ட படம் அனுப்ப வேண்டாம்.

நாம் எல்லாரும் சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள். ஐம்பதைத் தாண்டிவிட்டோம். எங்கே கூடினாலும் முட்டிவலி, சர்க்கரை, மருமகள் மூன்றையும் பேசி முடித்துவிட்டுப் பழைய கதைக்குப் போவோம். அன்றைக்கும் போனோம். உங்களில் ஒருத்தி குழாயைத் திறந்துகொண்டே, "ஏ, நம்ம தெருவுல கழுவுனின்னு ஒருத்தி இருந்தாள்ல?" என்று ஆரம்பித்தாள். இன்னொருத்தி இரண்டு கையையும் முழங்கைவரை தேய்த்துத் தேய்த்து நடித்துக் காட்டினாள். என்ன ஏதென்று தெரியாத சின்னப்பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள்.

அந்தக் கழுவுனி என் சித்தி. என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அவளுக்கு ஒரு பெயர் இருந்தது, உங்களில் ஒருத்திக்கும் அது ஞாபகம் இல்லை. இப்போது சொல்லவும் மாட்டேன். நீங்களாக யோசித்துப் பாருங்கள்.

எனக்குப் பத்து வயது. தீபாவளிக்கு முந்தின சீசன். மழை பொய்த்துப்போன வருஷம் அது. சித்தியின் வீடும் எங்கள் வீடும் ஒட்டினாற்போல இருக்கும். இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரே முற்றம், அதில் ஒரே சிமெண்டுத் தொட்டி. சித்தப்பா லாரியில் லோடு ஏற்றுகிறவர். சித்தி பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கப் போவாள். மருந்து என்றால் வெடிமருந்து, அதில் கலக்கிற அலுமினியப் பொடி. சாயங்காலம் கம்பெனிப் பஸ்ஸிலிருந்து இறங்கிவரும் பெண்களுக்குக் கை, கழுத்து, காதுமடல் எல்லாம் வெள்ளியாக மின்னுமே, மறந்தா போயிற்று? சித்தி வந்ததும் கட்டைவிரலை என் நெற்றியில் அழுத்துவாள். வெள்ளிப் பொட்டு. அதோடு நான் தெருவெல்லாம் திரிவேன். அப்புறம்தான் அவள் விளிம்பு நசுங்கிய ஒரு பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய்க் குளிப்பாள். குளிக்காமல் அடுப்புக்குப் போகக்கூடாது என்பது நம் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒருநாள் குளிக்காமல் போய்விட்டாள். அவளுடைய ஒன்றரை வயதுப் பிள்ளை, எனக்குத் தம்பி முறை, பசியில் கத்திக்கொண்டிருந்தான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே பால் காய்ச்சக் குனிந்தாள். முந்தானையில் ஒட்டியிருந்த பொடி பிடித்துக்கொண்டது. குப்பென்று ஒரு வெள்ளை வெளிச்சம், அவ்வளவுதான். கையாலேயே அடித்து அணைத்துவிட்டாள். பிள்ளைக்குப் புருவம் மட்டும் கருகியது. முடி கருகிய வாடை எங்கள் வீடுவரை வந்தது. நான் ஓடிப்போனபோது சித்தி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரு கூடியது. "ஒண்ணும் ஆகலைல்ல, விடு. மாரியாத்தா காப்பாத்துனா" என்று சொல்லிவிட்டுக் கலைந்தது.

மறுநாளிலிருந்து கழுவ ஆரம்பித்தாள்.

முதலில் எல்லாரும் மெச்சினார்கள், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். வேறு ஊராக இருந்தால் ஒரு வாரத்தில் யாராவது, இது என்னமோ சரியில்லையே என்று கேட்டிருப்பார்கள். நம் ஊரில் கழுவுவது நல்ல குணம். கம்பெனிப் போர்மேன் மற்றப் பெண்களிடம், "அந்தப் பொம்பளையப் பாத்துப் படிங்கத்தா. ஒரு பொட்டு மருந்து அவ கையில வீட்டுக்குப் போகாது" என்று சொன்னார். அம்மாவுக்குப் பெருமை. அதற்குள் சித்தி அரிசியைக் குருணை ஆகும்வரை களைந்துகொண்டிருந்தாள். கதவுத் தாழ்ப்பாளைக் கழுவினாள். தாழ்ப்பாளைத் தொட்ட கையைக் கழுவினாள். கழுவிய செம்பைக் கழுவினாள். பிள்ளையைத் தூக்குமுன் இருபது தடவை. நடுவில் யாராவது கூப்பிட்டுவிட்டால் திரும்ப ஒன்றிலிருந்து.

ஒருநாள் நான் கேட்டேன், "ஏன் சித்தி, கை சுத்தமாத்தான இருக்கு?"

"எனக்கும் தெரியுது தாயி. சுத்தமாத்தான் இருக்கு. மனசு ஒத்துக்க மாட்டேங்குது. இன்னொருக்கக் கழுவு, இல்லைன்னா பிள்ளை எரிஞ்சிரும் எரிஞ்சிரும்னு உள்ளுக்குள்ள கெடந்து அடிக்குது. நான் என்ன செய்ய?"

இதை அவள் பத்து வயதுப் பிள்ளையிடம் சொன்னாள். பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை, அதனால் என்னிடம் சொன்னாள்.

மெச்சிக்கொண்டிருந்த தெரு எப்போது திரும்பியது? தண்ணீரில் கைவைத்தபோது. குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர், வீட்டுக்கு எட்டுக் குடம். அடிபம்பில் நூறு அடி அடித்தால் ஒரு குடம் செம்மண் தண்ணீர். சித்தி தன் எட்டுக் குடத்தை முதல் நாள் மத்தியானத்துக்குள் தீர்த்துவிட்டு, எங்கள் பங்கையும் தீர்த்துவிட்டு, பம்படியில் போய் நிற்பாள். சண்டை வந்தது. குடம் உருண்டது. "பொம்பளைக்கு இம்புட்டுத் தண்ணி எதுக்கு? அப்பிடி என்ன அழுக்கக் கழுவுறா?" என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வி பம்படியிலிருந்து டீக்கடைக்குப் போனது, போகிற வழியிலேயே அதற்குப் பதிலும் கிடைத்துவிட்டது. போர்மேன் ஏன் இவளை மட்டும் மெச்சினான்? அதுதான் அழுக்கு. சித்தப்பா டீக்கடையில் கேட்டுவிட்டு வந்து அடித்தார். அடி வாங்கின இடத்தையும் அவள் கழுவினாள். அதையும் பார்த்துச் சிரித்தார்கள். கழுவுனி என்ற பெயர் அந்த வாரம்தான் பிறந்தது.

பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்த நர்ஸம்மாதான் சித்தியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தோல் வெளுத்து, விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. முற்றத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் சித்தியோடு பேசினார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"இது பேயுமில்ல, பாவமுமில்லக்கா. வியாதி. மனசுல வர்ற வியாதி. மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில இதுக்குன்னே டாக்டர் இருக்காக. மாத்திரை குடுப்பாக. நான் சீட்டு எழுதித் தாரேன், கூட்டிட்டுப் போங்க."

எழுதிக் கொடுத்தார். உருண்டை உருண்டையான எழுத்து, நீல மை. அம்மா இரண்டு கையாலும் வாங்கி, நர்ஸம்மா தெருமுனை திரும்பும்வரை மரியாதையாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என்னிடம் திரும்பினாள்.

"பைத்தியத்துக்குப் பாக்குற டாக்டர்ட்டயா? வெளிய தெரிஞ்சா ஒங்க அக்காளை எவன் கட்டுவான்? அவளுக்கு அப்புறம் நீ இருக்க."

எங்கள் வீட்டில் அப்போது வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தோம். பழைய பேப்பர் மூட்டையாக வரும். பேப்பரைக் கம்பியில் சுற்றி, பசை தடவி, உருட்டி உருவி எடுக்க வேண்டும். பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டிருப்பார்கள். அந்தக் கசப்பு வாடை விரலைவிட்டுப் போகாது. அம்மா சீட்டை அந்தப் பேப்பரோடு பேப்பராகப் போட்டு, "உருட்டு" என்றாள். நான்தான் உருட்டினேன். ஒரே உருட்டு, நீல எழுத்து உள்ளே போய்விட்டது. என் சித்தியின் வைத்தியம் அந்தத் தீபாவளிக்கு எந்த ஊரிலோ யாருடைய வாசலிலோ வெடித்துச் சிதறியது. அம்மாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவள் பயம் எனக்குப் புரிகிறது. புரிந்தால் மன்னித்துவிட வேண்டும் என்று யார் சொன்னது?

அதன்பிறகு தெருப் பெரியவர்கள் நாலு பேரும் சித்தப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் இருந்தால்தானே கழுவுவாள்? காலையில் இரண்டு செம்பு, சாயங்காலம் இரண்டு செம்பு, அவ்வளவுதான். அவளைக் கம்பெனியிலும் நிறுத்தியாயிற்று. தொட்டிக்குத் தகரத்தில் ஒரு மூடி அடித்தார்கள். அந்த மூடிமேல் உட்கார ஆள் வேண்டும். சீசன் நேரத்தில் நம்மில் யார் பள்ளிக்கூடம் போனோம்? சரவெடி பின்னுகிற வேலையை அங்கே உட்கார்ந்து செய்யலாம் என்று என்னை ஏற்றி உட்காரவைத்தாள் அம்மா. கூலியாகச் சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம்.

எனக்கு அது பதவி. வெயிலில் தகரம் பாவாடையைத் தாண்டிச் சுடும், இருந்தாலும் இறங்கமாட்டேன். சித்தி வருவாள், கையில் அந்த நசுங்கின செம்பு.

"ஒரே ஒரு செம்பு தாயி. பிள்ளையைத் தூக்கணும்."

"குடுத்தா அம்மா வையும்."

"அவன் எம்புட்டு நேரமா அழுறான் பாரு. கழுவாமத் தூக்கப் பயமா இருக்கு. எந்திரி தாயி, ஒரு நிமிசம் எந்திரிச்சுக்கோ."

பிள்ளை மண்ணில் கிடந்து அவளைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு அழுவான். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவனைத் தொடாமல், அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து அழுவாள். நான் சேவு தின்றுகொண்டு சரம் பின்னினேன். நீங்களும் வந்தீர்கள். மறந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தீர்கள், மூடியில் அஞ்சு பேருக்கு இடம் இருந்தது. "எந்திரி தாயி, எந்திரி தாயி" என்று அவள் குரலிலேயே ராகம் போட்டோம். அன்றைக்குப் பாடிய ராகத்தைத்தான் போன மாதம் மண்டபத்தில் நடித்துக் காட்டினீர்கள்.

இருபது நாள் பொறுத்தாள். அதற்குமேல் முடியாமல் தண்ணீர் இருக்கிற இடம் தேடிக் கம்பெனிக்கே போய்விட்டாள். அங்கே ஒவ்வொரு அறை வாசலிலும் தீ அணைக்கத் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்திருப்பார்கள். உருட்டின குழாய்க் கட்டைக் கொடுக்க அம்மாவோடு நானும் அன்று காலை அங்கே போயிருந்தேன். சித்தி ஒரு தொட்டியில் முழங்கைவரை கையை விட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. வாட்ச்மேன், "ஏய், யாருத்தா அது?" என்று கத்தினார். அவள் திடுக்கிட்டு ஓடினாள்.

பட்டாசுக் கம்பெனியில் முதல்நாள் சொல்லித் தருவது என்ன? ஒருத்தர் ஓடினால் ஏன் என்று கேட்காதே, ஓடு. கேட்கிற நேரத்தில் செத்துப்போவாய். ஓடினார்கள். எல்லா அறையிலிருந்தும் நாலு வாசல் வழியாகவும் வெள்ளிக் கையும் வெள்ளி முகமுமாகப் பெண்கள் சிதறி ஓடினார்கள். முள்வேலியைத் தாண்டினார்கள். உங்களில் ஒருத்தியின் அம்மா பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தது. அதை நான் மறுக்கவில்லை, அந்தக் கால் கடைசிவரை சரியாகவில்லை என்பதும் தெரியும். எல்லாரும் கருவேலங்காட்டுக்குள் போய் நின்று, காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். வெடிக்கும் என்று காத்திருந்தார்கள்.

வெடிக்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. எல்லாரையும்விடத் தூரமாக ஓடியிருந்த சித்தி மட்டும் ஈரக் கையோடு நின்று, "எங்கன வெடிச்சுச்சு? பிள்ளைக்கு ஒண்ணுமில்லைல? பிள்ளைக்கு ஒண்ணுமில்லைல?" என்று ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரைப் பார்த்து ஓடினோம் என்பது அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது. சாவுக்குப் பயந்த பயமெல்லாம் ஆத்திரமாகத் திரும்பியது. கூட வேலைபார்த்த பெண்கள்தான் அடித்தார்கள். சித்தியின் முகம், ரவிக்கை, முதுகு எல்லாம் வெள்ளிக் கைத்தடம். அம்மா தடுக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் பஸ் ஏற்றிக் கடலோரத்துக்குக் கூட்டிப்போனார்கள். சாமி பேரைச் சொல்லி ஒருவன் நடத்தின கொட்டகை, தூணுக்கு ஒரு சங்கிலி. சித்தி பைக்குள் செம்பை எடுத்து வைத்திருந்தாள். "வியாதியே இதுதான்" என்று அம்மா அதை எடுத்துப் பரணில் போட்டாள்.

பொங்கல் கழிந்துதான் திரும்பிவந்தாள். தலை மொட்டை. கணுக்காலைச் சுற்றிக் கறுப்பாகத் தோல் உரிந்த வளையம். முற்றத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள், தெருவே வேடிக்கை பார்த்தது. தின்றாள். தின்ற கையைக் கழுவவில்லை, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "குணமாயிருச்சு!" என்று அம்மா கத்தினாள். பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தாள். பம்படிக்காரர்கள் வந்து விசாரித்தார்கள், வாழைப்பழம் கொண்டுவந்தார்கள். அவள் பேசவில்லை, சிரிக்கவில்லை, பிள்ளை பக்கம் திரும்பவில்லை. அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. தண்ணீர் மிச்சமானது, அதனால் குணமாகிவிட்டாள். அந்தத் தை மாதமே என் அக்காளுக்குப் பரிசம் போட்டார்கள்.

பல வருஷம் கழித்து ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "அங்கன தண்ணி கேட்டா அடிப்பாக தாயி. குடிக்கக் கேட்டாலும் அடிப்பாக." சித்தப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு போனார். தம்பியை எங்கள் அம்மா வளர்த்தாள். சித்தி அதே வீட்டில் தனியாகக் கிடந்தாள். அவன் இன்றைக்குத் திருப்பூரில் இருக்கிறான், பெற்றவளை அக்கம்பக்கத்துப் பாட்டியைப்போல விசாரிப்பான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தூக்க ஆளில்லாமல் மண்ணில் கிடந்து அழுதவன் அவன்.

கொரோனா வந்தபோது ஊர் முழுக்கக் கழுவியதே, இருபதுவரை எண்ணி, விரலிடுக்கெல்லாம் தேய்த்து? காய்கறியைக் கழுவினீர்கள், பால் பாக்கெட்டைக் கழுவினீர்கள், கதவுத் தாழ்ப்பாளைக் கழுவினீர்கள். உங்கள் தொட்டி மூடிமேல் யாராவது ஏறி உட்கார்ந்தார்களா?

மண்டபத்தில் நீங்கள் சிரித்தபோது சித்தி எங்கே இருந்தாள் தெரியுமா? தூண் ஓரத்தில். நான் எடுத்துக்கொடுத்த புதுச் சேலையின் முந்தானையில் சாம்பார்க் கையைத் துடைத்துக்கொண்டு. அவளுக்கு நாலடி தூரத்தில் ஒன்பது குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கே அவளை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். மறுநாள் மனநல டாக்டரிடம் போனோம். சின்ன வயது டாக்டர், பெண்பிள்ளை. எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, "இத்தனை வருசமா ஏம்மா கூட்டிட்டு வரலை?" என்றாள். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் என்ன சொல்ல, குழாயாக உருட்டிவிட்டேன் என்றா? மூன்று வாரமாக மாத்திரை சாப்பிடுகிறாள். அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. நன்றாகத் தூங்குகிறாள். இன்னும் கொஞ்சம் காப்பி வேண்டும் என்று ஒருநாள் அவளாகக் கேட்டாள்.

பரணிலிருந்த செம்பை அம்மா செத்த பிறகு நான்தான் எடுத்துவைத்திருந்தேன். நேற்று மத்தியானம் அதைப் புளி போட்டு விளக்கி, தண்ணீர் நிறைத்து, சாப்பிட்டு முடித்த சித்தி முன்னால் கொண்டுபோய் நீட்டினேன். "கழுவு சித்தி" என்றேன். அவள் செம்பைப் பார்த்தாள். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தாள், நான் நிற்கிறேனா உட்கார்ந்திருக்கிறேனா என்று பார்ப்பவளைப்போல.

"எந்திரிச்சிட்டியா தாயி?" என்று கேட்டாள்.

செம்பை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தேன்.

இதைப் படிப்பவர்களில் ஒருத்திக்குத் தனியாகச் சொல்கிறேன், அது யார் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளை பெற்றதிலிருந்து உன் மருமகள் ஒருவரோடும் பேசாமல் அழுதுகொண்டிருக்கிறாள். "அவளுக்குக் காய்ச்சல், அதான் வரலை" என்று மண்டபத்தில் பொய் சொன்னாய். மாடி அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறாய். உன் சின்ன மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாய், அதனால் டாக்டரிடம் போகப் பயம். வெள்ளிக்கிழமை அதே கடலோரத்துக்கு வேன் பேசியிருக்கிறாய் என்றும் கேள்விப்பட்டேன். என் அம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லும் உன் வாயில் இருக்கிறது.

நாளைக் காலை எட்டு மணிக்கு உன் வீட்டு வாசலில் நிற்பேன். சித்தியும் என்னோடு வருவாள். மாடிச் சாவியைக் கையில் எடுத்து வை.